இருட்டு, பாம்பு, மேடை: காந்தியை விரட்டிய மூன்று பயங்கள்... ஃபோபியா எப்படி உருவாகிறது?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்புக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் டார்ச் லைட்டும் கம்பும் இல்லாமல் கிளம்ப மாட்டார். வரப்பில் பாம்பு கிடக்கும். சில சமயம் யானையும் இறங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையை ஒட்டிய ஊர்களிலும் இதே கதைதான். இந்த பயம் நோய் இல்லை. உயிரைக் காப்பாற்றுகிற பயம்.

இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். மொபைலில் பாம்பு படம் வந்தாலே போனைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். தோப்பு பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். சுருட்டி வைத்த தண்ணீர் ஹோஸைப் பார்த்தாலும் நெஞ்சு படபடக்கிறது. இது ஆபத்து இல்லை என்று அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் ஃபோபியா என்கிறார்கள்.

அப்படிப்பட்டவரிடம் நாம் என்ன சொல்வோம்? தைரியமா இருங்க, இதுக்குப் போய் பயப்படலாமா என்போம். அந்த வார்த்தை ஏன் வேலை செய்வதில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய வாழ்க்கையைப் பார்க்கலாம். ராஜபாளையத்தில் அவர் பெயரில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. மெட்ராஸ் மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே அதற்காகக் கொடுத்தார். ஆம், மகாத்மா காந்திதான். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே காந்தி.

விளக்கு இல்லாமல் தூங்காத சிறுவன்

1869 அக்டோபர் 2-ம் தேதி போர்பந்தரில் பிறந்தவர் மோகன்தாஸ். அப்பா சமஸ்தான திவான். வசதியான, ஆட்கள் நிறைந்த வீடு. ஆனால் சின்ன வயதிலேயே பேய், பிசாசு என்றால் பையனுக்கு நடுக்கம். வீட்டில் வேலை பார்த்த ரம்பா என்ற பெண்மணி, பயம் வந்தால் ராம நாமம் சொல்லு என்று கற்றுக்கொடுத்தார். அந்த வைத்தியத்தைவிட ரம்பா மீதுதான் சிறுவனுக்கு நம்பிக்கை அதிகம். கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

பயம் விடவில்லை. ராஜ்கோட்டில் பள்ளியில் படிக்கும்போது மணி அடித்ததும் வீட்டுக்கு ஓட்டம். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கேலி செய்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

13 வயதில் கஸ்தூர்பாவுடன் திருமணம் நடந்தது. அப்போதும் இருட்டில் வெளியே கால் வைக்க மாட்டார். அறையில் விளக்கு எரிந்தால்தான் தூக்கம். ஒரு பக்கம் பேய், இன்னொரு பக்கம் திருடன், மூன்றாவது பக்கம் பாம்பு வருவதாகக் கற்பனை ஓடும். பக்கத்தில் படுத்திருக்கும் கஸ்தூர்பாவுக்கோ இருட்டைப் பற்றிக் கவலையே கிடையாது. எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போய் வருவார். இவருக்கு வெட்கம். தன் பயத்தை மனைவியிடம் சொல்லவே இல்லை. இப்படி மறைத்து வைப்பதும் பயத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிற விஷயம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இருட்டைக் கண்டு பயப்படுவது குழந்தைகளிடம் ரொம்ப சகஜம். பெரும்பாலும் வளர வளரத் தானாகவே போய்விடும். பயம் அளவுக்கு மீறி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பு, வேலை, வீடு என்று தினசரி வாழ்க்கையைக் கெடுத்தால்தான் மருத்துவர்கள் அதை ஃபோபியா கணக்கில் எடுப்பார்கள். காந்திக்கு இருந்தது ஃபோபியாவா என்று 100 வருஷம் கழித்து யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆனால் பயம் எப்படிப் பிடித்தது, எதனால் வளர்ந்தது, எங்கே தளர்ந்தது என்று ஒன்றுவிடாமல் தன் சத்திய சோதனையில் எழுதி வைத்திருக்கிறார். பெரிய தலைவர்களில் இப்படி எழுதியவர்கள் குறைவு.

ஆட்டுக்கறி வைத்தியம்

பயத்துக்கு மருந்து தேடிய சிறுவனுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். பாம்பைக் கையில் பிடிப்பேன், திருடனை எதிர்ப்பேன், பேயை நம்ப மாட்டேன் என்று அவன் பெருமை அடிப்பான். அதற்கெல்லாம் காரணம் கறி சாப்பிடுவதுதான் என்றும் சொன்னான். வைஷ்ணவக் குடும்பத்துப் பையன் வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றங்கரையில் ஆட்டுக்கறி சாப்பிட்டுப் பார்த்தான். அன்று இரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவது போலக் கெட்ட கனவு! ஒரு வருஷ காலத்தில் ஐந்தாறு தடவை சாப்பிட்டிருப்பார். தைரியம் வரவில்லை. பெற்றோரிடம் பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல்தான் மிச்சம்.

இன்றைக்கும் இந்த மாதிரி குறுக்கு வழிகள் குறையவில்லை. மேடை ஏறும் முன் ஒரு பெக், பயணத்துக்கு முன் யாரோ கொடுத்த மாத்திரை என்று பல உண்டு. அந்த நேரத்துக்கு நடுக்கம் குறையலாம். ஆனால் அந்தத் துணை இல்லாமலேயே சமாளிக்க முடியும் என்பதை மூளை கற்றுக்கொள்ளவே விடாது.

பயம் எப்படி உள்ளே வருகிறது?

பொதுவாக மூன்று வாசல்களைச் சொல்வார்கள். முதல் வாசல் நேரடி அனுபவம். ராஜபாளையம் நாய் இந்தியா முழுக்கப் பேர் பெற்ற காவல் நாய். 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்தது. அதை ஆசையாக வளர்க்கிற ஊரிலேயே, ஐந்து வயதில் தெருநாயிடம் கடிபட்ட ஒருவர் 40 வயதிலும் நாய் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

இதை அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920-ல் சோதித்தே காட்டினார்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை முன் வெள்ளை எலியை விட்டார்கள். குழந்தை அதைத் தொட்டதும் பின்னால் இரும்புக் கம்பியை டமார் என்று அடித்தார்கள். சில தடவைக்குப் பிறகு சத்தமே இல்லாவிட்டாலும் எலியைப் பார்த்தால் அழுகை. பிறகு முயல், நாய் என்று மற்றவற்றைக் கண்டும் மிரண்டது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமையான சோதனை அது.

இரண்டாவது வாசல், பிறரைப் பார்த்துக் கற்பது. கரப்பான் பூச்சியைப் பார்த்து அம்மா அலறினால் குழந்தைக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. ஆய்வகத்தில் வளர்ந்த, பாம்பையே பார்க்காத குரங்குகள்கூட, பாம்பைக் கண்டு மிரளும் இன்னொரு குரங்கைப் பார்த்ததும் பயத்தைக் கற்றுக்கொண்டதை 1980-களில் சூசன் மினேகாவின் ஆய்வுக் குழு காட்டியது. ஆனால் பூவைப் பார்த்து மிரள்வது போல வீடியோவை மாற்றிக் காட்டியபோது பூவைக் கண்டு அவை பயப்படவில்லை. சில பயங்களுக்கு நம் உடம்பு முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்பது இதன் அர்த்தம். மின்சார பிளக் ஆபத்தானது என்று தெரிந்தும் அதற்கு ஃபோபியா வந்தவர்கள் குறைவு, பாம்புக்கு அதிகம்.

மூன்றாவது, காதால் கேட்பது. போர்பந்தர் சிறுவன் பேயைப் பார்த்ததே இல்லை.

லண்டனில் ஒரு பக்கத்தைப் படிக்க முடியாதவர்

1888 செப்டம்பரில் பாரிஸ்டர் படிக்க காந்தி கப்பல் ஏறினார். கப்பலில் சாப்பாட்டு ஹாலுக்கே போகவில்லை. முள்கரண்டி, கத்தியைப் பிடிக்கத் தெரியாது, எதில் கறி இருக்கிறது என்று கேட்கக் கூச்சம். கையில் கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் தன் அறையிலேயே சாப்பிட்டார்.

லண்டனில் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். கூட்டம் தவறாமல் போவார், வாயே திறக்க மாட்டார். டாக்டர் ஆலின்சன் என்பவரைச் சங்கத்தை விட்டு நீக்கும் பிரச்னை வந்தபோது அது சரியில்லை என்று காந்திக்குப் பட்டது. பேச வரவில்லை. எழுதிக்கொண்டு போனார். அதையும் படிக்க முடியவில்லை. வேறொருவர் படித்தார்.

வென்ட்னர் என்ற கடற்கரை ஊரில் நடந்த கூட்டத்துக்கும் எழுதிக்கொண்டுதான் போனார். ஒரே ஒரு தாள். எழுந்து நின்றதும் கண் மங்கியது, உடல் நடுங்கியது. கூட வந்த நண்பர் மஜும்தார் வாங்கிப் படித்து முடித்தார். ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்கு ஹோல்போர்ன் உணவகத்தில் விருந்து கொடுத்தார். நகைச்சுவையாகப் பேச வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்தோடு எல்லாம் மறந்துபோனது. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

1891-ல் பாரிஸ்டர் பட்டத்தோடு இந்தியா திரும்பியவருக்கு பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் கேஸ் கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, நீதிமன்றமே சுழல்வது போல இருந்தது. ஒரு கேள்விகூட வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். கட்சிக்காரர் ஜெயித்தாரா, தோற்றாரா என்றுகூடப் பார்க்கவில்லை. தைரியம் வரும் வரை கேஸ் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். ராஜ்கோட்டுக்குப் போய் மனு எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தார். மாதம் சுமார் 300 ரூபாய் வந்தது. நீதிமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது?

மேலே உள்ள சம்பவங்களைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பயம் உச்சத்துக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் யாரோ காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள், அல்லது அவரே உட்கார்ந்துவிட்டார். உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கலே.

தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிவு செய்துகொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக அபாய மணி அடிக்கிறது. பயத்தைத் தொடங்கி வைப்பது ஒன்று, அதைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது இன்னொன்று என்று 1940-களில் உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் விளக்கினார். ஃபோபியா வருடக் கணக்கில் நிற்பது பழைய கெட்ட அனுபவத்தால் மட்டும் அல்ல. தினமும் தவிர்ப்பதாலும்தான். உதவி செய்வதாக நினைத்து, அவர் பயப்படுவதையெல்லாம் நாமே முன்னால் போய்ச் செய்து கொடுக்கும்போது, வீட்டில் இருப்பவர்களும் இதில் கூட்டாளி ஆகிவிடுகிறோம்.

இது கோழைத்தனமும் இல்லை. 1893 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்தியை வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். முடியாது என்றார். போலீஸ்காரர் வெளியே தள்ளினார். குளிரில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார், அடிபணியவில்லை. நாலு பேர் முன் பேச நடுங்கிய அதே ஆள்!

பிரிட்டோரியாவில் என்ன மாறியது?

அடுத்து பிரிட்டோரியா போய்ச் சேர்ந்தவர், அங்கிருந்த இந்தியர்களை எல்லாம் ஒரு வியாபாரியின் வீட்டில் கூட்டினார். வியாபாரத்தில் உண்மையாக நடந்துகொள்வது பற்றிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் மேடைப் பேச்சு என்று அதைத்தான் அவர் குறிப்பிடுகிறார். பேசி முடித்தார். யாரும் காகிதத்தை வாங்கவில்லை.

வந்திருந்தவர்கள் நம்மூர்க்காரர்கள், கூட்டம் சின்னது. விஷயமும் தன்னைப் பற்றியது இல்லை. எல்லாருடைய பிரச்னை. அதோடு நிற்கவில்லை, அந்தக் கூட்டம் அடிக்கடி நடந்தது. முகங்கள் பழகின. சிறியதில் தொடங்கி, தப்பிக்காமல் நின்று, திரும்பத் திரும்பச் செய்வது. இன்று உளவியல் மருத்துவர்கள் திட்டம் போட்டுச் செய்கிற சிகிச்சையை காந்தி தெரியாமலேயே செய்திருக்கிறார் எனலாம்.

ஆனால் பயம் அவ்வளவு சுலபமாக விடை பெறாது. 1896-ல் இந்தியா வந்த காந்தி, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலை பற்றி செப்டம்பர் 26-ம் தேதி பம்பாயில் பேச வேண்டியிருந்தது. ஹால் நிரம்பி வழிந்தது. பேச்சு அச்சடித்த தாளாகக் கையிலேயே இருந்தது. ஆனாலும் குரல் எழும்பவில்லை, நடுக்கம் வந்துவிட்டது. கடைசியில் வாச்சா என்ற தலைவர் படித்தார்.

மூன்று வருஷப் பழக்கம் எங்கே போனது? பயம் அழிவதில்லை என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் பதில். பழைய பயப் பதிவின் மேல், ஆபத்து இல்லை என்ற புதுப் பதிவு எழுதப்படுகிறது. இடம் மாறினால், கூட்டம் மாறினால் பழையது மேலே வந்துவிடலாம். ஐந்து வருஷத்துக்கு முன் நீதிமன்றத்தில் வாயடைத்து நின்றதும் இதே பம்பாயில்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஒரே மாதம் கழித்து, அக்டோபர் 26-ம் தேதி சென்னை பச்சையப்பன் மண்டபம். அவருடைய வழக்கத்துக்கு நீளமான பேச்சு. கூட்டம் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டது. எஜமானனிடம் அடிபட்டு, பல் உடைந்து, டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தின் கதை சென்னைவாசிகளை உலுக்கியிருந்தது. காந்தியின் பச்சை அட்டைப் புத்தகத்துக்கு அங்கே அடிபிடி. மறுபதிப்பாக 10,000 பிரதிகள் போட்டார்கள். பம்பாய் தோல்வியோடு ஊர் திரும்பியிருந்தால் இது நடந்திருக்காது.

பாம்போடு ஒரு பண்ணை

மேடை பயம் இப்படி. பாம்பு பயம் என்ன ஆனது? 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே பாம்புகள் உண்டு. நண்பர் காலன்பாக் பாம்புகள் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்தார். எது விஷம், எது விஷம் இல்லை என்று எல்லாருக்கும் அடையாளம் காட்டினார். பெரும்பாலானவை விஷமில்லாதவை, சில பயிருக்கு நன்மையே செய்கின்றன என்று தெரிந்ததும் பண்ணையில் பதற்றம் குறைந்தது. ஒரு நாகத்தைக் கூண்டில் வைத்து காலன்பாக் தானே தீனி கொடுத்தார். அதைத் திறந்துவிட்டால் அதனுடன் விளையாடும் தைரியம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்ற அர்த்தத்தில் காந்தி அவரிடம் நேராகவே சொன்னார். பயமே இல்லாதவராக ஆகிவிட்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் விளக்கு இல்லாமல் தூங்காத பையன் இப்போது பாம்புகள் நடமாடும் பண்ணையில் குடியிருந்தார். பிறகு தன் ஆசிரம விரதங்களில் அஞ்சாமையையும் ஒன்றாகச் சேர்த்தார்.

காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியது 1914-ல். அடுத்த வருஷம் அதே ஜோகன்னஸ்பர்க்கில் ஜோசப் வோல்பே பிறந்தார். பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை 1958-ல் புத்தகமாக எழுதி உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர். அதற்கும் முன்பே, 1924-ல், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார் மேரி கவர் ஜோன்ஸ்.

இன்று என்ன செய்யலாம்?

இப்போது இதற்கு எக்ஸ்போஷர் தெரபி என்று பெயர். நாய் பயம் என்றால் முதல் நாளே ராஜபாளையம் நாய் முன் நிறுத்த மாட்டார்கள். முதலில் படம், பிறகு வீடியோ, பிறகு தூரத்தில் கட்டிப் போட்ட நாய், கடைசியில் தொடுவது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாக இறங்கும் வரை நிற்க வேண்டும், ஓடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட பொருள் மீதான பயத்தில் சில மணி நேரச் சிகிச்சையிலேயே பெரிய மாற்றம் கிடைப்பதுண்டு. ஊசி, ரத்தம் பார்த்தால் மயங்கி விழுபவர்கள் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் கை, கால் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி சொல்லித் தருவார்கள்.

பயப்படுகிறவரைப் பிடித்து இழுத்துப் போய்ப் பாம்பை மேலே போடுவது சிகிச்சை இல்லை. அது வாட்சனின் இரும்புக் கம்பி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆலோசனை பெறலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

ராஜபாளையத்துக்கு வந்தபோது

1933 நவம்பரில் தீண்டாமைக்கு எதிராக காந்தி தொடங்கிய பயணம் ஒன்பது மாதம், 12,500 மைல் நீண்டது. 1934 ஜனவரியில் தென் மாவட்டங்கள் வழியாக வந்தவர் ராஜபாளையத்துக்கும் வந்தார். அப்போது வயது 64. ஊருக்கு ஊர் கூட்டம், ஒரே நாளில் பல தடவை பேச்சு. பல இடங்களில் கறுப்புக் கொடி. அந்த ஜூனில் புனேயில் அவர் வருவதாக நினைத்து ஒரு கார் மீது குண்டே வீசினார்கள். பயணம் நிற்கவில்லை.

அதே பயணத்தில் திருநெல்வேலியில் அவர் பேசிய ஒன்று இன்றும் விவாதத்தில் இருக்கிறது. பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் பகிரங்கமாக மறுத்தார். பேய்க் கதை கேட்டுத் தூக்கம் இழந்த ஒருவர், மக்களைத் திருத்த பயத்தையே கையில் எடுத்தது நெருடலாகத்தான் இருக்கிறது.

மேடையைப் பொறுத்தவரை, கூச்சம் தன்னை முழுதாக விட்டுப் போகவே இல்லை என்று சத்திய சோதனையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பின் தெரியாத கூட்டத்தின் முன் தயக்கம் வரும், முடிந்தால் பேசாமல் தவிர்க்கத்தான் பார்ப்பார். ஆனால் அந்தக் கூச்சத்தால் வார்த்தையை அளந்து பேசப் பழகியது லாபம் என்றும் கணக்குப் போட்டார். வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் அவர் யாரிடமும் பேச மாட்டார். கேட்பவர்களுக்குத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார்.